மறதிநோய் உள்ளவருக்கு வெளிச்ச சிகிச்சை: வீட்டிலேயே தொடங்குவது எப்படி

சாயங்காலம் ஐந்து மணி ஆனதும் சொந்த வீட்டுக்குள் நின்றுகொண்டே "வீட்டுக்குப் போகணும், நேரமாச்சு" என்று பையைத் தூக்கும் அம்மா. நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து குளிக்க வெந்நீர் கேட்கும் அப்பா. பகலெல்லாம் நாற்காலியில் தலை தொங்கத் தூங்கிவிட்டு இரவெல்லாம் கூடத்தில் நடக்கும் மாமியார். டிமென்ஷியா என்னும் மறதிநோய் வந்த வீடுகளில் பெயர் மறப்பதையும் முகம் மறப்பதையும்கூடக் குடும்பத்தார் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். இந்த ராப்பகல் குழப்பம்தான் பார்த்துக்கொள்பவரைச் சாய்த்துவிடுகிறது.

அந்தக் குழப்பத்தைக் கொஞ்சம் தணிக்க வெளிச்சத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் இந்தக் கட்டுரை. இதைப் பற்றி இப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்படுகிற குடும்பங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போன நினைவை வெளிச்சம் திருப்பிக் கொண்டுவராது. மறதிநோயில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் நோயை அது குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பகலைப் பகலாகவும் இரவை இரவாகவும் மூளைக்கு உணர்த்த அது உதவலாம். சில வீடுகளில் அந்த உதவியே பெரிய ஆறுதலாக இருக்கிறது. செலவும் பெரும்பாலும் இல்லை.

கண் வழியாக மூளைக்குப் போகும் செய்தி

விழித்திரையில் பார்ப்பதற்கான செல்களைத் தவிர வேறு ஒரு வகைச் செல்லும் இருக்கிறது என்று 2002-ல் உறுதியானது. மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட இந்தச் செல்கள் உருவங்களைக் காட்டுவதைவிட, வெளியே வெளிச்சம் எவ்வளவு என்று அளந்து சொல்வதையே முக்கிய வேலையாகச் செய்கின்றன. வானத்து நீலத்தை ஒட்டிய ஒளி, அதாவது 480 நானோமீட்டர் அளவில் உள்ளது, இவற்றை அதிகமாகத் தூண்டும். செய்தி போய்ச் சேரும் இடம் மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸில் இருக்கும் ஒரு சிறு நரம்புக் கொத்து. நம் உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். தூக்கம், உடல் வெப்பம், இரவு வந்ததை உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் ஹார்மோன் சுரப்பது எல்லாம் அதன் கணக்கில் நடக்கின்றன.

மறதிநோயில் மூன்று கேடுகள் ஒன்றாகச் சேர்கின்றன. அந்தக் கடிகாரத்துச் செல்களே குறைந்துபோகின்றன. ஆம்ஸ்டர்டாமில் மூளை ஆய்வாளர் டிக் ஸ்வாப் குழுவினர் 1985-லேயே இதைக் காட்டினார்கள். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து, நீல ஒளியைத்தான் முதலில் தடுக்கிறது. மூன்றாவது கேடு நாம் செய்வது. விழுந்துவிடுவார், வெளியே போய்விடுவார் என்று பயந்து, திரை போட்ட அறையில் நாள் முழுக்க உட்கார வைத்துவிடுகிறோம். முதல் கேட்டை யாராலும் மாற்ற முடியாது. மற்ற இரண்டையும் மாற்றலாம்.

எவ்வளவு நம்பலாம்?

இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படும் ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது, 2008-ல் வெளியானது. 12 முதியோர் இல்லங்களில் 189 பேர் கலந்துகொண்டார்கள். பெரும்பாலானோருக்கு டிமென்ஷியா இருந்தது. சில இல்லங்களின் பொதுக்கூடத்தில் கூரை விளக்குகளைக் கூட்டிப் பகல் முழுவதும் ஏறத்தாழ 1000 லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வைத்தார்கள். மற்றவற்றில் 300 லக்ஸ் அளவில்தான். சராசரியாக 15 மாதம், சிலரை மூன்றரை ஆண்டு வரை கவனித்தார்கள். வெளிச்சம் கூடிய இல்லங்களில் 30 மதிப்பெண் நினைவுத் தேர்வில் சரிவு 0.9 மதிப்பெண் குறைவாக இருந்தது. மனச்சோர்வு அறிகுறிகள் 19 சதவீதம் குறைந்தன. தானே உண்பது, உடுத்துவது போன்ற வேலைகளில் ஏற்பட்ட சரிவும் மெதுவானது.

இந்த எண்களைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. 30-க்கு 0.9 என்பது வீட்டில் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியக்கூடிய மாற்றம் இல்லை. 2014-ல், மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு அதுவரை வந்த சோதனைகளையெல்லாம் கூட்டிப் பார்த்து, பரிந்துரை செய்யும் அளவுக்குச் சான்று போதாது என்றுதான் முடித்தது. அதன்பிறகு அமெரிக்காவில் மரியானா ஃபிகேரோ குழுவினர், முதியோர் இல்லங்களில் இருந்த 46 பேரிடம், பகலில் கண்ணுக்குப் போய்ச்சேரும் ஒளியைக் கணக்கிட்டுக் கூட்டிப் பார்த்தார்கள். தூக்கம், மனநிலை, கிளர்ச்சி (அமைதியின்றித் தவிப்பது) மூன்றிலும் முன்னேற்றம் என்று 2019-ல் எழுதினார்கள். மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட டிமென்ஷியா வழிகாட்டி, தூக்கப் பிரச்சினைக்குப் பகல் வெளிச்சம், உடலசைவு, அவரவருக்குப் பிடித்த வேலை எல்லாவற்றையும் சேர்த்து முயலச் சொல்கிறது. அல்சைமர் உள்ளவரின் தூக்கமின்மைக்கு மெலடோனின் கொடுக்க வேண்டாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது.

என் கருத்து இது. தூக்கமும் மாலைக் குழப்பமும் குறையட்டும் என்று தொடங்கினால் அது நியாயமான முயற்சி. நினைவு திரும்பட்டும் என்று தொடங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

முதல் படி: டாக்டர், கண், மாத்திரைச் சீட்டு

குழப்பம் எப்போது தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள். நேற்று வரை ஓரளவு சரியாக இருந்தவர் ஓரிரு நாளில் தலைகீழாக மாறியிருந்தால், வெளிச்சம் பற்றி நினைக்கவே வேண்டாம். அன்றே டாக்டரிடம் போங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி, உடம்பில் நீர் குறைவது, சோடியம் குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். "வயசாச்சு, இப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவதால் எத்தனையோ பேருக்குச் சரிசெய்யக்கூடிய நோய் முற்றிவிடுகிறது.

அடுத்து கண். புரை விழுந்த கண்ணுக்கு எவ்வளவு விளக்கு போட்டாலும் உள்ளே போகும் ஒளி குறைவுதான். "மறதிக்காரருக்கு எதற்கு ஆபரேஷன்" என்று தள்ளிப்போடும் குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன். அவர்கள் மறுபடி யோசிக்க வேண்டும் என்று வேண்டிக் கேட்கிறேன். அமெரிக்காவில் 3038 முதியவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2021 டிசம்பரில் வெளிவந்த ஆய்வில், புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாக இருந்தது. ஆபரேஷன்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறையை டிமென்ஷியாவுக்கான காரணிகள் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் இல்லாதவருக்கும் புரை ஆபரேஷன் செய்துவைக்கும் வழியைக் காட்டிய மாநிலம் இது. இங்கே புரையோடு ஒருவர் இருட்டில் உட்கார்ந்திருக்கத் தேவையே இல்லை. நோய் முற்றுவதற்கு முன் செய்தால் சொட்டு மருந்து போடுவதும் கண்ணைத் தொடாமல் பார்த்துக்கொள்வதும் சுலபம்.

சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டிருந்தாலோ, விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா தேய்ந்திருந்தாலோ, கண் நீரழுத்த நோய் இருந்தாலோ, பளிச்சென்ற விளக்குப் பெட்டி வாங்குமுன் கண் டாக்டரைக் கேளுங்கள். வலிப்பு, ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கும் அப்படியே. முன்பு எப்போதாவது பைபோலார் நோய் (மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) இருந்திருந்தால், பலத்த ஒளி மனக்கிளர்ச்சியைத் தூண்டக்கூடும். மனநல மருத்துவர் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். அமியோடரோன், குளோர்புரோமசின், டாக்சிசைக்ளின் போன்றவை தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். அதோடு இரண்டு கேள்விகள் கேளுங்கள். மறதிநோய்க்கான டொனெபெசில் மாத்திரையை இரவில் கொடுக்கிறீர்களா? சிலருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும், பயங்கரக் கனவைக் கொண்டுவரும். காலைக்கு மாற்றலாமா என்று கேட்கலாம். சிறுநீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை சாயங்காலம் போகிறதா? அப்படியானால் இரவு நடையில் பாதி கழிப்பறைக்கான நடை. நேரம் மாற்றியதும் பிரச்சினை தீர்ந்துபோன வீடுகள் உண்டு. நீங்களாக மாற்றாதீர்கள், கேட்டு மாற்றுங்கள்.

இரண்டாம் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஒரு நோட்டு போதும். எத்தனை மணிக்குப் படுத்தார், இரவில் எத்தனை முறை எழுந்தார், காலையில் எப்போது விழித்தார், பகலில் எப்போது எவ்வளவு நேரம் தூங்கினார், குழப்பம் எந்த நேரத்தில் தொடங்கியது, வெளியே எவ்வளவு நேரம் இருந்தார். இவ்வளவுதான். இந்த வாரக் கணக்கு இல்லாவிட்டால் பிறகு பலன் இருக்கிறதா என்று தெரியவே தெரியாது. தூக்கம் கெட்ட நமக்குப் போன மாதம் எப்படி இருந்தது என்பது சரியாக நினைவில் நிற்காது.

வேலைக்கு ஆள் வைத்திருந்தால் அவரிடமும் எழுதச் சொல்லுங்கள். எழுத வராதென்றால் மணி வாரியாகக் கட்டம் போட்ட தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, தூங்கிய கட்டங்களில் கோடு போடச் சொன்னால் போதும்.

மூன்றாம் படி: வீட்டு வெளிச்சத்தை அளந்து பாருங்கள்

ஆண்ட்ராய்டு செல்போனில் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். ஒளி உணரும் சிறு புள்ளி திரைப்பக்கம், காது வைக்கும் இடத்தருகே இருக்கும். எனவே அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து, போனைக் கண் உயரத்தில், திரை வெளிப்பக்கம் பார்க்கும்படி பிடியுங்கள். செல்போன் கணக்கு துல்லியமாக இருக்காது. ஆனால் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட அது போதும்.

பார்ப்பது ஆச்சரியமாக இருக்கும். ட்யூப்லைட் எரியும் கூடத்தில் கண் மட்டத்தில் 100 லக்ஸ்கூட வராமல் போகலாம். வாசல் நிழலில் அதே காலையில் பல ஆயிரம். நேர் வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். ஐப்பசி அடைமழை மேகத்தின் கீழேகூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். நம் கண் இருட்டுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் கூடம் "நல்ல வெளிச்சமாத்தானே இருக்கு" என்று தோன்றுகிறது. மூளைக் கடிகாரத்துக்கு அது அந்திநேரம்.

2022-ல் பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து ஆரோக்கியமான பெரியவர்களுக்காக ஓர் அளவு சொன்னார்கள். பகலில் கண் மட்டத்தில் குறைந்தது 250, படுப்பதற்கு முந்தைய 3 மணி நேரத்தில் அதிகபட்சம் 10, தூங்கும்போது 1. மெலனாப்சின் செல்களை ஒளி எவ்வளவு தூண்டுகிறது என்று கணக்கிடும் தனி லக்ஸ் அது. போன் காட்டும் எண்ணும் அதுவும் ஒன்றாகாது. பகலுக்கும் இரவுக்கும் நடுவே எவ்வளவு பெரிய இடைவெளி வேண்டும் என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் நடப்பது நேர் எதிர்: பகலிலும் மங்கல், இரவிலும் மங்கல், நடுராத்திரி கழிப்பறைக்குப் போகும்போது திடீரென்று ட்யூப்லைட்.

நான்காம் படி: காலை வெளிச்சம்

இதுதான் மொத்தத்தில் முக்கியமான படி. இதை மட்டும் ஒழுங்காகச் செய்து மற்றதையெல்லாம் விட்டாலும் பரவாயில்லை.

அவர் எழுந்து ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்குள் வெளியே கொண்டுவாருங்கள். திண்ணை, முற்றம், பால்கனி, மொட்டை மாடி, எது வசதியோ அது. அரை மணி நேரத்தில் தொடங்கி, ஒத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் வரை நீட்டலாம். உடம்பில் வெயில் படத் தேவையில்லை. திறந்த நிழலில் வானத்தைப் பார்த்தபடி இருந்தாலே கண்ணுக்குப் போதுமான ஒளி கிடைத்துவிடும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. பலர் இதை வைட்டமின் டி-யோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது தோலின் வேலை, அதற்கு உச்சி நோக்கி ஏறிய வெயில் வேண்டும். நாம் பேசுவது கண்ணின் வேலை, அதற்குக் காலை இளவெயிலே தாராளம்.

சித்திரை, வைகாசியில் எட்டரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வயதானவருக்குத் தாகம் தெரியாது, மறதிநோய் உள்ளவருக்குத் தெரிந்தாலும் கேட்கத் தெரியாது. மோரோ தண்ணீரோ கையில் கொடுத்துக் குடிக்க வையுங்கள். கறுப்புக் கண்ணாடியைத் தவிருங்கள். டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் போடட்டும்.

"வெளிச்சம் நல்லதாம், வா" என்றால் யாரும் வரமாட்டார்கள். காரணம் சொல்லி விளக்குவது இந்த நோயில் எடுபடாது. கை பழகிய வேலை ஒன்றை வெளியே வையுங்கள். "அம்மா, இந்தக் கீரையை ஆஞ்சு குடும்மா, எனக்கு நேரமே இல்லை" என்றால் எழுந்து வருவார். "மாமா, பேப்பர் வந்துடுச்சு, திண்ணையில வெச்சிருக்கேன், காபியும் அங்கேயே கொண்டுவரேன், வாங்க" என்றால் வருவார். பூக் கட்டுவது, துளசிக்குத் தண்ணீர் விடுவது, பருப்பில் கல் பொறுக்குவது, கோலம் போடுவதைப் பார்த்துக் குறை சொல்வது, எல்லாமே சிகிச்சைதான். அவர் கட்டும் சரம் நெகிழ்ந்திருந்தால் அவர் போன பிறகு திருத்திக்கொள்ளுங்கள். வரவே மாட்டேன் என்கிற நாளில் வற்புறுத்த வேண்டாம். சண்டையில் தொடங்கிய காலை, வெளிச்சத்தால் வரும் நன்மையைத் தின்றுவிடும். அந்த நாள் ஜன்னலோரம் போதும்.

படுக்கையை விட்டு எழ முடியாதவர் என்றால் கட்டிலை ஜன்னலுக்குப் பக்கத்தில் திருப்புங்கள். கண்ணாடி வழியாக வரும் ஒளியும் கணக்கில் சேரும். ஆனால் ஜன்னலை விட்டு நாலடி தள்ளினாலே வெளிச்சம் பாதாளத்துக்கு விழுந்துவிடும், அளந்து பாருங்கள்.

ஐந்தாம் படி: பகலில் வீட்டுக்குள்

மதிய உணவுக்குப் பின் ஒரு சின்னத் தூக்கம் இருக்கட்டும், அரை மணி நேரம், மூன்று மணிக்கு முன். மற்ற நேரம் அவர் உட்காரும் இடம் வீட்டிலேயே வெளிச்சமான இடமாக இருக்க வேண்டும்.

விளக்கு கூட்டப் போகிறீர்கள் என்றால் ஒரு சின்னக் கணக்கு. 20 வாட் எல்.இ.டி ட்யூப் ஒன்று சுமார் 2000 லூமென் (விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அளவு) தரும், பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். 10க்கு 12 அடி அறை ஏறத்தாழ 11 சதுர மீட்டர். அத்தனை ஒளியும் தரையில் சிந்தாமல் விழுந்தாலும் 180 லக்ஸ்தான், உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குப் போவது அதில் பாதிக்கும் கீழே. எனவே கூரையில் ஒரு ட்யூப் மாட்டிவிட்டு வெளிச்ச சிகிச்சை என்று சொல்ல முடியாது. அவர் பார்க்கும் பக்கத்துச் சுவரில், கண்ணில் நேராக அடிக்காத உயரத்தில், வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும்படி மூன்று நான்கு ட்யூப் போட்டால் எண் ஏறும். பகல் விளக்கு "கூல் டேலைட்", 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறையக் குறைய மஞ்சள்) என்று எழுதியது. கண் கூசினால் 4000 கெல்வின். மின்னுகிற, நடுங்குகிற பழைய ட்யூபை முதலில் கழற்றி எறியுங்கள். குழப்பத்தில் இருப்பவருக்கு அந்த நடுக்கம் தாங்காது.

ஆறாம் படி: சாயங்காலமும் இரவும்

மறதிநோய் வீட்டில் அந்திநேரத்தைத் தனியாகக் கையாள வேண்டும். ஆரோக்கியமானவருக்கு மாலையில் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்வார்கள். இவருக்கு ஐந்தரை மணிக்கே, இருட்டு தொடங்குமுன், கூடத்தில் மஞ்சள் ஒளி விளக்குகளை நன்றாகப் போட்டுவிடுங்கள். "வார்ம் ஒயிட்", 2700 கெல்வின். அரைகுறை வெளிச்சத்தில் கொடியில் தொங்கும் சட்டை ஆளாகத் தெரியும், நிழல் குழியாகத் தெரியும், பயமும் விழுவதும் அங்கேதான் ஆரம்பம். ஜன்னல் திரைகளை இழுத்து மூடுங்கள். இருட்டிய கண்ணாடியில் தன் முகத்தையே யாரோ ஒருவர் என்று நினைத்து நடுங்குபவர்கள் உண்டு. அந்த அறைக்கு இன்வெர்ட்டர் லைன் ஒன்று கட்டாயம் வேண்டும். ஆறு மணிக்குக் கரண்ட் போனால் அன்றைய உழைப்பு முழுதும் போச்சு.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள். டி.வி. சீரியலின் அலறலும் பளபளப்பும் அவர் அறைக்கு எட்டக் கூடாது. படுக்கை அறையிலிருந்து கழிப்பறை வரை தரையோரம் ஆரஞ்சு நிறத்தில் விடிவிளக்கு வையுங்கள், அசைவைக் கண்டு தானே எரியும் வகை இன்னும் நல்லது. நடுராத்திரி அழைத்துப் போகும்போது ட்யூப்லைட் சுவிட்சைத் தொடாதீர்கள். தொட்டால் விடிந்துவிட்டது என்று மூளை எடுத்துக்கொள்ளும். அதற்காகக் கும்மிருட்டும் ஆகாது. வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தால் அதைவிடக் கேடு வேறில்லை.

விளக்குப் பெட்டி யாருக்கு வேண்டும்?

10,000 லக்ஸ் விளக்குப் பெட்டிகள் குளிர்நாட்டில் பனிக்காலத்து மனச்சோர்வுக்காக வந்தவை. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வெளியே போக முடிந்த ஒருவருக்கு இது வேண்டாம் என்பேன். மாடிக் குடியிருப்பில் ஒரு பக்கமும் வானம் தெரியாத வீடு, படுக்கையிலேயே இருப்பவர், இவர்களுக்கு யோசிக்கலாம். லண்டனிலும் டொரொண்டோவிலும் ஆஸ்லோவிலும் பெற்றோரை வைத்துப் பார்க்கும் நம்மவர்களுக்கு டிசம்பர், ஜனவரியில் இது உண்மையிலேயே தேவைப்படலாம். லண்டனில் அப்போது விடியவே எட்டு மணி ஆகும்.

வாங்கும்போது "10,000 லக்ஸ்" என்ற பெரிய எழுத்தை நம்பாமல், எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் என்று பாருங்கள். உள்ளங்கை அளவு விளக்குகள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்தான் அந்த அளவு தரும். அப்படி யாரும் உட்கார முடியாது. அகலமான, பால்வெள்ளை மூடி போட்ட, புற ஊதாக் கதிரை வடிகட்டியது என்று எழுதியிருக்கும் விளக்காக இருக்கட்டும். காலை இட்லிக்கு உட்காரும் மேசையில் நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். 15 நிமிடத்தில் தொடங்கி மெல்ல 30-க்குக் கொண்டுபோங்கள். உட்கார மாட்டாதவருக்குத் தூரத் தள்ளி வைத்து 2500 லக்ஸில் ஒன்று இரண்டு மணி நேரம் என்பது இன்னும் எளிது. ஒளி இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றாது. ஒயர் காலில் மாட்டாமல் பாருங்கள்.

தோல் மருத்துவமனையில் வெண்புள்ளிக்கு வைக்கும் புற ஊதா விளக்கையோ, பிசியோதெரபியில் மூட்டு வலிக்கு வைக்கும் அகச்சிவப்பு விளக்கையோ இதற்குப் பயன்படுத்தவே கூடாது. கண்ணுக்குக் கேடு.

இப்போதைக்குத் தள்ளி வைக்க வேண்டியவை

மினுமினுக்கும் 40 ஹெர்ட்ஸ் விளக்கு பற்றிக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லீ-ஹுவே சாய் குழுவினர், நொடிக்கு 40 முறை மின்னும் ஒளியை ஒரு மணி நேரம் காட்டியபோது, அல்சைமர் வரும்படி மரபணு மாற்றிய எலிகளின் மூளையில், பார்வைக்கான பகுதியில், அந்த நோயில் படியும் அமிலாய்டு புரதம் குறைந்தது என்று 2016-ல் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. நியூயார்க்கில் புஸாகி ஆய்வுக்கூடத்தார் அதே முறையைச் செய்து பார்த்து, அமிலாய்டு குறையவில்லை என்று 2023-ல் வெளியிட்டார்கள். மனிதர்களிடமும் சோதனைகள் நடந்துவருகின்றன. நல்ல முடிவு வந்தால் எனக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை. அதுவரை இணையத்தில் விற்கும் மினுக்கு விளக்கை வீட்டில் வைக்காதீர்கள். வலிப்பு உள்ளவருக்கு அது ஆபத்தும்கூட. தலையில் மாட்டும் அகச்சிவப்புத் தொப்பிகளுக்கும் சிறிய சோதனைகளைத் தாண்டிய சான்று இல்லை. அந்தப் பணத்தில் புரை ஆபரேஷன் முடியும், அல்லது பகலில் துணைக்கு ஓர் ஆள் வைக்கலாம். அப்பாவின் மறதியைப் பார்த்துத் தவிக்கும் பிள்ளைகளிடம் "கடைசி முயற்சி" என்று சொல்லி விற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஏழாம் படி: நான்கு வாரம் கழித்து நோட்டைப் பிரித்துப் பாருங்கள்

முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாது. நான்கு வாரம் விடாமல் செய்துவிட்டு, தொடக்க வாரக் கணக்கோடு ஒப்பிடுங்கள். இரவில் எழுவது ஒரு முறை குறைந்திருக்கிறதா, பகல் தூக்கம் சுருங்கியிருக்கிறதா, ஐந்து மணிப் பதைப்பு தணிந்திருக்கிறதா. ஒன்றில் முன்னேற்றம் இருந்தாலும் தொடருங்கள். நிறுத்தினால் கிடைத்த பலன் மங்கிவிடும், அதனால் பல் துலக்குவது போல இது அன்றாடமாக வேண்டும். எதிலும் மாற்றம் இல்லையென்றால் விளக்குப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். காலையில் வெளியே உட்காருவதை மட்டும் விடாதீர்கள், வேறு பல காரணங்களுக்காக அது நல்லது.

தலைவலி, கண் சிவப்பு, குமட்டல் வந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள், விளக்கைத் தள்ளி வையுங்கள். கிளர்ச்சி கூடினால், அல்லது தூக்கமே வேண்டாமல் ஓயாது பேசத் தொடங்கினால், நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொரு வகையினர் உண்டு: மாலை ஆறரைக்கே தூங்கி, இரவு இரண்டுக்கு விழித்துவிடுபவர்கள். இவர்களின் கடிகாரம் முன்னால் ஓடுகிறது. அதிகாலை வெளிச்சம் அதை இன்னும் முன்னால் தள்ளக்கூடும். வெளிச்ச நேரத்தைப் பிற்பகலுக்கோ மாலைக்கோ மாற்றலாமா என்று நோட்டைக் காட்டிக் கேளுங்கள்.

யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ நரம்பியல் பிரிவிலோ கேட்கலாம். இந்தியாவில் முதியோருக்கான உதவி எண் 14567. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் டிமென்ஷியா குடும்பங்களுக்குத் தனிச் சேவை நடத்துகிறது.

டாக்டரைப் பார்க்கும்போது நோட்டோடு இதையும் கேளுங்கள்: இரவில் கொடுக்கும் தூக்க மாத்திரையைக் குறைக்க முடியுமா? தூக்கம் சற்றுச் சீரானபின் கேட்க வேண்டிய கேள்வி இது. அந்த மாத்திரைகள்தான் பலரைப் பகலில் தள்ளாட வைக்கின்றன, விழவும் வைக்கின்றன. நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். சிலவற்றைத் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரும். கால் கால் மாத்திரையாகக் குறைக்கச் சொன்னால், அந்த வாரங்களில் இரவு ஓரிரு நாள் மறுபடி கெடும். அதற்குத் தயாராக வீட்டில் இன்னொருவரையும் முறை வைத்துக்கொள்ளுங்கள்.